ஸ்டிக்கர் எடுக்கிறவன்

எங்கள் வீட்டில் புதுப் பாத்திரம் எது வாங்கினாலும் முதலில் என் கைக்குத்தான் வரும். எவர்சில்வர் டபராவின் அடியில் கடைக்காரர் ஒட்டிய விலைச்சீட்டு, குக்கர் மூடியின் நடுவில் இருக்கும் கம்பெனி ஸ்டிக்கர், தோசைக்கல்லின் முதுகில் இருக்கும் பார்கோடு, எல்லாவற்றையும் நான்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் என் மனைவி இதைப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கு இவ்ளோ நேரமா? தேய்ச்சா போயிடப் போகுது" என்றாள்.

தேய்த்தால் போகாது. தேய்த்தால் காகிதம் போகும், பசை நிற்கும். நின்ற பசையில் அடுக்களையின் தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பாக ஒரு சதுரம் உருவாகும். அது அந்தப் பாத்திரத்தோடு பத்து வருடம் குடித்தனம் நடத்தும்.

இந்த வருடம் மாசி மாதத்தில் ஒருநாள் அப்பா போன் செய்தார். "கண்ணு, லேத்தப் பாக்க ஞாயித்துக்கெழம ஆள் வர்றாங்க. நீ சனிக்கெழமயே வந்துர்றயா? ஸ்டிக்கரெல்லாம் எடுக்கோணும்."

கோயமுத்தூர் கணபதியில் எங்கள் பட்டறை. பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இரண்டு லேத், ஒரு சிலிண்ட்ரிகல் கிரைண்டர், ஒரு டிரில்லிங் மெஷின். பம்பு கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டரில் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது அப்பாவின் தொழில். அந்தத் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஏதாவது ஓர் உலோகம் சுற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். முழங்காலும் கண்ணும் ஒத்துழைக்காததால் போன வருடத்தோடு அப்பா வேலையை நிறுத்திவிட்டார். நான் மெக்கானிக்கல் படித்துவிட்டு பெங்களூரில் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பட்டறையை எடுத்து நடத்த ஆள் இல்லை.

லேத்திலிருந்து ஸ்டிக்கர் எடுக்க பெங்களூரிலிருந்து மகன் வர வேண்டுமா என்று யாரும் கேட்கலாம். எங்களுக்குள் அது ஒரு பழைய கணக்கு. 2008ஆம் வருடக் கடைசியில் ஆரம்பித்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் பசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஸ்டிக்கர் பசை காய்ந்து ஒட்டுவதில்லை. மைதாப் பசையோ ஃபெவிகாலோ ஈரம் போனதும் இறுகிப் பிடிக்கும். ஸ்டிக்கர் பசை எப்போதும் ஈரமாகவும் இல்லை, காய்ந்தும் இல்லை. மெதுவாக அழுத்தினால் திரவம்போல ஓடும். வெடுக்கென்று இழுத்தால் திடப்பொருள்போல எதிர்க்கும். த்ரீஎம் நிறுவனத்தில் வேலை பார்த்த கார்ல் டால்குவிஸ்ட் என்ற விஞ்ஞானி இதற்கு ஓர் எல்லையே வகுத்திருக்கிறார். பசையின் விறைப்பு ஓர் அளவுக்குக் கீழே இருந்தால்தான் அது எதிர்ப்புறப் பரப்பின் மேடுபள்ளங்களுக்குள் தானாக இறங்கிப் பிடிக்கும். அதற்கு மேலே போனால் ஒட்டாது. எவ்வளவு வழவழப்பாகத் தெரியும் இரும்பிலும் கண்ணுக்குத் தெரியாத மலைகளும் பள்ளத்தாக்குகளும் உண்டு. ஒட்டிய அன்று பசை மலை உச்சிகளில் மட்டும் நிற்கும். நாள் போகப் போகப் பள்ளங்களில் இறங்கும். அதனால்தான் இன்று ஒட்டிய ஸ்டிக்கர் முழுதாக வந்துவிடுகிறது, ஆறு மாதம் கழித்துக் கிழிந்து கிழிந்து வருகிறது.

இன்று நாம் பார்க்கும் ஸ்டிக்கருக்கு, அதாவது பின்தாளை உரித்துவிட்டு ஒட்டும் லேபிளுக்கு, மூலவர் என்று ஸ்டான்டன் ஏவரி என்ற அமெரிக்கரைச் சொல்வார்கள். 1935இல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கினார். அவருடைய முதல் கம்பெனியின் பெயர் கும் க்ளீன். சுத்தமாக உரிந்து வரும் என்பதுதான் பெயரிலேயே இருந்த விளம்பரம். அந்த வாக்குறுதியைப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் காப்பாற்றவில்லை என்பது என் நகங்களுக்குத் தெரியும்.

2008இல் நான் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு அந்த வருடத்தின் பிற்பாதி நினைவிருக்கும். மின்வெட்டு. பகலில் எப்போது கரண்ட் போகும், எப்போது வரும் என்பதை வைத்துத்தான் பட்டறைகள் மூச்சு விட்டன. ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர் பாதி வெட்டில் நின்றால் அந்த ஷாஃப்ட்டின் கதை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. அப்பா ராத்திரியில் ஓட்ட ஆரம்பித்தார். தூக்கம் கெட்ட கண்ணோடு மைக்ரோமீட்டர் பார்த்தார்.

ஒருநாள் சாயந்திரம் ஒரு டெம்போ வந்து நின்றது. அனுப்பிய 400 ஷாஃப்ட்டில் 130 திரும்பி வந்திருந்தது. ஒவ்வொன்றிலும் சிவப்பு நிறத்தில் 'ரிஜக்டட்' என்று ஸ்டிக்கர். ஒட்டியவர் தப்பு இருக்கும் இடத்திலேயே, பேரிங் உட்காரும் இடத்தின் மேலேயே, ஒட்டியிருந்தார்.

அந்த இடத்தின் அளவு 25 மில்லிமீட்டர். அதற்கு மேல் 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை இருக்கலாம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் இருக்கும். ஆக அந்த 13 மைக்ரான் இடைவெளி என்பது ஒரு முடியை ஐந்தாகக் கீறினால் வரும் ஒரு கீற்று. அதற்குள் இருந்தால் பேரிங் இறுக்கமாகப் பிடித்து உட்காரும். மேலே போனால் ஏறாது. கீழே போனால் கையால் தள்ளினாலே ஏறிவிடும். ஓட ஓட பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றி அதைத் தேய்க்கும், சத்தம் வரும், ஒருநாள் பம்பு நிற்கும்.

"ஏறியிருந்தா எறக்கிக்கலாம். எறங்கியிருந்தா ஏத்த முடியாது" என்றார் அப்பா. ஏறியதை இன்னொரு முறை கிரைண்ட் செய்யலாம். இறங்கியதற்கு ஹார்டு குரோம் பூசி மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவுக்குப் புது ஷாஃப்ட்டே செய்துவிடலாம். எது எந்த வகை என்று பிரிக்க முதலில் ஸ்டிக்கரை எடுத்தாக வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

முதல் ஷாஃப்ட்டை நான் பிளேடு வைத்துச் சுரண்டினேன். அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். பேரிங் உட்காரும் இடத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதற்குப் பிறகு ஸ்டிக்கர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. அன்று ராத்திரி அவர் சொல்லிக் கொடுத்த வரிசையைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். முதலில் சூடு. தகரத்தின் மேல் ஷாஃப்ட்டுகளை அடுக்கிக் கீழே வெந்நீர்ப் பாத்திரம் வைத்தோம். கைக்குப் பொறுக்கும் சூடு போதும். அதிகமானால் பசை பாகு மாதிரி நூல் நூலாக இழுத்துக்கொண்டு உலோகத்திலேயே தங்கிவிடும். பிறகு ஒரு மூலையைக் கிளப்பி, ஸ்டிக்கரை அதன் முதுகின் மேலேயே படுக்க வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் காகிதம் இரண்டு தோலாகப் பிரியும். மேல்தோல் கையில் வரும், கீழ்த்தோல் அங்கேயே இருக்கும்.

மீதிக்குச் சீமெண்ணெய். அப்போது ரேஷன் சீமெண்ணெய் நீல நிறத்தில் இருக்கும். பனியன் வேஸ்ட்டில் நனைத்து அந்த இடத்தில் சுற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். இந்தப் பத்து நிமிடம்தான் எல்லோரும் தவறவிடுவது. எண்ணெய் பசைக்குள் ஊறி அதை உப்ப வைக்க நேரம் வேண்டும். உப்பிய பசை தன் பிடியைத் தானே விடும். ஸ்டிக்கரின் மேல் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் எண்ணெய் இறங்காது, முதலில் அதை உரிக்க வேண்டும். ஊறிய பிறகு பழைய ரீசார்ஜ் கார்டால் தள்ளினால் திரண்டு வரும். அதற்கும் அசையாத பசைக்கு தின்னர். தின்னரை எடுத்தால் கிரைண்டர் பக்கம் போகக் கூடாது, ஒரு பொறி போதும். கடைசியில் எண்ணெய் துடைக்க வேண்டும். தின்னர் இரும்பின் மேல் இருக்கும் எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அப்படியே வைத்தால் தொட்ட விரலின் ரேகை காலையில் துருவாக எழுந்து நிற்கும்.

நாற்பதாவது ஷாஃப்ட் வாக்கில் கை பழகிவிட்டது. எடுக்க எடுக்க நானே அளந்தும் வைத்தேன். நான் அப்போதுதான் வகுப்பில் லிமிட்ஸ் அண்ட் ஃபிட்ஸ் படித்திருந்தேன். இறங்கியது என்று நினைத்த ஒன்று 25.006 காட்டியது. சந்தோஷமாகக் கத்தினேன். "அப்பா, இது பாஸுங்க! அவங்கதான் தப்பா அளந்திருக்காங்க."

அப்பா வந்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். தின்னர் தொட்டு ஒரு துடை துடைத்தார். "மறுக்கா அள" என்றார். 24.991.

"பசைய அளந்திருக்கற" என்றார்.

ஸ்டிக்கரில் இருக்கும் பசைப் படலம் சுமார் 20 மைக்ரான் இருக்கும் என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். மைக்ரோமீட்டரின் அழுத்தத்தில் கொஞ்சம் நசுங்கும். நசுங்கியும் அது எங்களுக்கு அனுமதிக்கப்பட்ட 13 மைக்ரானைவிடப் பெரியது. தப்பான ஷாஃப்ட் என்று சொல்ல ஒட்டிய சீட்டின் பசையே அந்த ஷாஃப்ட்டைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டது. அன்று எனக்கு இதில் சிரிப்புதான் வந்தது. அப்பாவும் சிரித்தார்.

இரண்டு ராத்திரி ஆனது. 92 ஏறியது, 38 இறங்கியது. 92ஐயும் அப்பா மறுபடி கிரைண்ட் செய்தார். 38ஐத் தனியாகச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் அடுத்த லாட் 300 ஷாஃப்ட் கிளம்பத் தயாராக இருந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த முப்பத்தெட்டையும் ஒருக்கா நல்லாத் தொடச்சிரு கண்ணு. ஸ்டிக்கர் இருந்த தடமே தெரியக் கூடாது."

நான் எதுவும் கேட்கவில்லை. அவரும் விளக்கவில்லை. கம்பெனி முதல் லாட்டின் பணத்தை நிறுத்தி வைத்திருந்தது. ஆபரேட்டர் அண்ணனுக்கு இரண்டு வாரச் சம்பளம் பாக்கி. என் செமஸ்டர் ஃபீஸ் கட்ட ஒரு வாரம் இருந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரியும் என்பது அவருக்கும் தெரியும். நானூற்று முப்பதில் கம்பெனி பத்துப் பதினைந்தைத்தான் எடுத்து அளந்து பார்க்கும். தடம் தெரியாவிட்டால் எது எது என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்த 38ஐ நான் துடைத்த மாதிரி வேறு எதையும் துடைத்ததில்லை. டியூப்லைட்டுக்கு நேராக ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பசை போன பிறகும் சில சமயம் ஒரு நிழல் இருக்கும். சுற்றிலும் லேசாக மங்கியிருக்க, ஸ்டிக்கர் மூடிய இடம் மட்டும் புதிதாகப் பளபளக்கும். அதையும் எண்ணெய் போட்டு, நைஸ் எமரியை லேசாகக் காட்டி, ஒன்றாக்கினேன். நல்ல வேலை. அப்பா பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். அதற்கு முன்போ பின்போ பட்டறையில் அவர் என்னைப் பாராட்டியதாக நினைவில்லை.

லாட் பாஸானது. செக் வந்தது. ஃபீஸ் கட்டினேன். அதற்குப் பிறகு வீட்டில் எந்த ஸ்டிக்கராக இருந்தாலும், "அவன்கிட்டக் குடு, அவன்தான் சுத்தமா எடுப்பான்" என்று அப்பா சொல்ல ஆரம்பித்தார். அந்த முப்பத்தெட்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசியதே இல்லை.

போன வருடம் ஆபீசில் ஒன்று நடந்தது. பணம் செலுத்தும் பகுதியில் ஒரு பிழை. குறிப்பிட்ட ஒரு சூழ்நிலையில் ஒரே பணம் இரண்டு முறை போகலாம். டெஸ்டிங் செய்த பெண் அதற்கு 'ரிலீஸ் பிளாக்கர்' என்று லேபிள் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ரிலீஸ். இரண்டு முறை தள்ளிப்போனது. அந்தச் சூழ்நிலை வருவது அபூர்வம் என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்று சொல்வதைவிட, நினைக்க விரும்பினேன் என்று சொல்ல வேண்டும். லேபிளின் ஓரத்தில் இருக்கும் சின்னப் பெருக்கல் குறியைத் தட்டினேன். லேபிள் போய்விட்டது. சூடு வேண்டாம், சீமெண்ணெய் வேண்டாம், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டாம்.

திங்கட்கிழமைக்குள் ஒன்பது பேருக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டோம். யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் மீட்டிங்கில் மேனேஜர், "இந்த லேபிளை யார் எடுத்தது?" என்று கேட்டபடியே அந்த டிக்கெட்டின் ஹிஸ்டரியைத் திறந்தார். என் பெயர், தேதி, மாலை 6.47. பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டெஸ்டிங் செய்த பெண் திரையைப் பார்க்காமல் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்ததில் அவள் எழுதியதையும் சேர்த்துத்தான் எடுத்திருக்கிறேன் என்று அப்போது உறைத்தது. 2008இல் அந்தச் சிவப்பு ஸ்டிக்கரையும் யாரோ ஒருவர் 400 ஷாஃப்ட்டையும் அளந்து பார்த்துத்தான் ஒட்டியிருப்பார்.

சனிக்கிழமை காலையில் பட்டறைக்குப் போனோம். லேத்தின் ஹெட்ஸ்டாக் மேல் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம் இன்னும் இருந்தது. எடுக்க வேண்டியவை மூன்றுதான். இரண்டு பழைய ஆயில் கம்பெனி ஸ்டிக்கர்கள். ஒன்று பேங்க் ஸ்டிக்கர். இந்த இயந்திரம் இந்த வங்கிக்கு ஈடாக வைக்கப்பட்டது என்று அறிவிக்கும் வினைல் சீட்டு. கடன் 2016இலேயே முடிந்துவிட்டது. அப்பா எடுக்காமலேயே விட்டிருந்தார்.

அடியில் பச்சை பெயிண்ட். பெயிண்ட் மேல் தின்னர் தொடக் கூடாது, பெயிண்ட்டே வந்துவிடும். அம்மாவிடமிருந்து தேங்காய் எண்ணெயும், வீட்டில் கிடந்த ஹேர் டிரையரும் கொண்டு வந்திருந்தேன். சூடு காட்டி மூலையைக் கிளப்பினேன். பழைய வினைல், நடுநடுவே ஒடிந்தது. அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைப் பார்த்துக் கேட்கத் தேவையில்லாத இடம் அது. கேட்டேன்.

"அப்பா, அந்த முப்பத்தெட்டு ஷாஃப்ட்டு..."

எந்த முப்பத்தெட்டு என்று அவர் கேட்கவில்லை.

"அனுச்சுட்டேன். நீதான தொடச்ச."

"எதாச்சும் கம்ப்ளெய்ண்ட் வந்துச்சுங்களா?"

"வரல. வந்திருந்தாலும் நம்ம வரைக்கும் வராது. பேரிங் போச்சுன்னா மெக்கானிக் ஷாஃப்ட்டுல பஞ்ச் வச்சு நாலு தட்டுத் தட்டி வேற பேரிங் ஏத்திக்குவான். காசு தோட்டத்துக்காரனுக்குப் போகும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டிரையர் சத்தம் மட்டும். "ரொம்ப நாளைக்கு எங்காவது அந்தக் கம்பெனி பம்பக் கழட்டிப் போட்டிருந்தா வண்டிய நிறுத்திட்டுப் போயிப் பாப்பேன். உங்கம்மா திட்டுவா, ஒறம்பர ஊட்டுக்குப் போறப்பக்கூட எறங்கி நிக்கறீங்கன்னு."

நான் டிரையரை அணைத்தேன்.

"அடுத்த வருசம் அதே ஷாஃப்ட்டு ஆர்டர் வந்துச்சு. முப்பத்தெட்டு சேத்தி ஓட்டிப் பில்லுப் போடாம அனுப்புனேன். ஸ்டோர்ல இருந்து போன் பண்ணுனாங்க, கணக்குல கூட இருக்குதேன்னு. எண்றதுல தப்பாயிருக்கும், வச்சுக்குங்கன்னுட்டேன்."

என் பொறியியல் மூளை உடனே கணக்குப் போட்டது. கம்பெனிக்கு 38 நல்ல ஷாஃப்ட் இலவசமாகப் போனது. மோசமான 38ம் எந்தெந்தக் கிணற்றில் இருந்ததோ அங்கேயேதான் இருந்தது. நஷ்டப்பட்டவர் ஒருவர், ஈடு கிடைத்தது வேறொருவருக்கு. நான் அதைச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் மைக்ரான் பார்த்த மனிதருக்கு அது தெரியாமல் இருக்காது.

"நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"உன்னையத் தொடைக்கச் சொன்னதே தப்பு. அதுல இதையும் சொல்லி என்ன பண்ண" என்றார். பிறகு, "அந்தக் கோணத்துல இன்னுங் கொஞ்சம் சூடு காட்டு, ஒடியுது பாரு" என்றார்.

நான் ஆபீஸ் விஷயத்தைச் சொன்னேன். லேபிள், ஒன்பது பேர், 6.47. பிளாக்கர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. ரிஜக்டட் ஸ்டிக்கர் மாதிரி என்றதும் புரிந்துகொண்டார். எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார். "அந்தப் புள்ளைகிட்டப் பேசுனயா?"

பேசியிருக்கவில்லை. மெயிலில் எல்லோருக்கும் பொதுவாக வருத்தம் தெரிவித்திருந்தேன்.

மதியத்துக்குள் மூன்று ஸ்டிக்கரும் வந்துவிட்டன. தேங்காய் எண்ணெய் போட்டு ஊறவிட்டுப் பசையை உருட்டி எடுத்து, சோப்புத் தண்ணீரில் துடைத்தேன். பேங்க் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஒரு செவ்வகம். சுற்றிலும் பெயிண்ட் வெளிறி மஞ்சள் பாய்ந்திருக்க, அது மட்டும் வாங்கிய அன்றைய பச்சையில் இருந்தது. பாலிஷ் போட்டுச் சுற்றுப்புறத்தோடு கலக்கப் பார்க்கலாம் என்று ரப்பிங் காம்பவுண்டு டப்பாவைத் திறந்தேன்.

"விட்ரு" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை அன்னூர்ப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஸ்பிண்டிலைக் கையால் சுற்றிப் பார்த்தார்கள், பெட்டின் மேல் விரலை ஓட்டினார்கள். அவர்களில் இளையவர் அந்தச் செவ்வகத்தைக் காட்டி, "இதென்னங்க, பேட்ச் அடிச்சிருக்கீங்களா?" என்றார்.

"பேங்க் லோன் சீட்டு ஒட்டியிருந்துச்சுங்க" என்றார் அப்பா. "கட்டி முடிச்சாச்சு. காயிதம் ஊட்டுல இருக்குது, காட்டறேன்." பிறகு அவர்களாகக் கேட்பதற்கு முன்பே கேரேஜின் பின்பக்கம் கூட்டிப் போனார். "இங்க பாருங்க, இந்த எடத்துல பெட்டு கொஞ்சம் தேஞ்சிருக்குது. நீள வேல போட்டீங்கன்னா டேப்பர் காட்டும். அதையும் பாத்து வெல சொல்லுங்க."

பத்தாயிரம் குறைத்துக் கேட்டார்கள். அப்பா ஒப்புக்கொண்டார். ராத்திரி பஸ்ஸில் பெங்களூருக்குத் திரும்பும்போது என் விரல்களில் தேங்காய் எண்ணெயும் வினைல் பசையும் கலந்த வாசனை இருந்தது. திங்கட்கிழமை காலையில் காபி வாங்கிக்கொண்டு டெஸ்டிங் டீம் உட்காரும் பக்கம் போனேன்.